பல் பதிந்த உடன்படிக்கை

நலம் பெருகுக. ஆறு வந்து அடங்கும் நெற்கூடல் நாட்டின் கோன் நெடுவேலாதன், தன் முதலமைச்சர் அறவாழியார் காண, மேல்நாட்டுத் தலைநகரிலிருந்து வரைவித்த ஓலை. உம் குடியும், நாம் இல்லாத அவையும், பட்டத்து யானையும் நலமே இருக்கக் கடவன.

வெள்ளிலாற்றின் தலைமதகு மேல்நாட்டு மன்னர் பொறையனார் கையில் இருப்பதையும், நாற்றங்காலில் நம் நாற்று முற்றிக்கொண்டிருப்பதையும், மதகைத் திறக்கும் உடன்படிக்கை இன்றி நாம் திரும்பினால் இவ்வாண்டு நெற்கூடலில் நெல் இல்லை என்பதையும் நீர் அறிவீர். அவ்வுடன்படிக்கை நேற்றைய நண்பகல் விருந்தின் முடிவில் நமக்கு அளிக்கப்படுவதாக இருந்தது.

இந்நாட்டு விருந்து நாயகம் நளினபண்டிதர் என்பார், உண்ணும் பொருள் எதுவும் தன் உருவில் இலைக்கு வரலாகாது என்னும் கொள்கையர். கத்தரிக்காய் அன்னமாக வந்தது. பூசணி யாழாக வந்தது. சோறு கட்டைவிரல் அளவில் ஒரு கோபுரமாக வந்தது. ஒவ்வொன்றின் உட்பொருளையும் அது ஆறும்வரை அவர் விரித்துரைத்தார். நாம் வாளாவிருந்தோம். அது நம் இயல்பு என்று அறியாத பண்டிதர், சுவையில் மூழ்கிய மோனம் என்று கொண்டு மனம் நெகிழ்ந்து மீண்டும் முதலிலிருந்து உரைத்தார்.

பின்னர் பொற்றட்டில் ஒரு முத்துமாலை வந்தது. மன்னர் தந்த பரிசென எண்ணி எழுந்து நின்று கழுத்தில் அணிந்தோம். அது அரிசிமாவு உருண்டை என்பதை மார்பில் நெய் வழிந்தபோது அறிந்தோம். அவையோர் மேற்கூரையைப் பார்த்தனர். இனி எது வந்தாலும் முதலில் கடித்துப் பார்ப்பது என்று அப்போதே உறுதி பூண்டோம்.

அடுத்த பொற்றட்டில் மஞ்சள் பூசிய ஓர் ஓலை வந்தது. கடித்தோம்.

அது உடன்படிக்கை.

பண்டிதர் தூணைப் பற்றிக்கொண்டார். தம் அரசின் சொல்லை அயல் வேந்தர் கடித்துக் காட்டியது அவமதிப்பென்றும், மதகு அடைத்தபடியே இருக்கட்டும் என்றும் படைத்தலைவர் உரைத்தார். நம் வாயில் ஓலையின் ஓரம் இருந்தமையால் மறுமொழி கூற இயலவில்லை. முற்றிய நாற்றுகளையே நினைத்துக்கொண்டிருந்தோம். பொறையனார் இருக்கையை விட்டு எழுந்தார். பிறகு அருகில் வந்து, ஓலையை மெல்ல விடுவித்து, தம்பிக்குப் பசியா என்று தாழ்ந்த குரலில் வினவினார். ஆம் என்றோம். தமக்கும் பட்டமேறிய நாள் முதல் அதுவே நிலை என்றார்.

முடியைக் கழற்றி வைத்துவிட்டு மடைப்பள்ளியின் பின்வாயில் வழியே நம்மை அழைத்துச் சென்றார். வண்டிக்காரர்கள் உண்ணும் கொற்றி என்பாளின் சோற்றுக்கடை அங்கே உள்ளது. அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "அரமனை விருந்து தின்ன மூஞ்சி. ரெண்டு பேருக்கும் பெரிய இலையாப் போடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். கடையை ஏன் இவ்விடத்தில் வைத்தாய் என்றோம். "வேற எங்கய்யா இவ்வளவு பசியோட ஆள் வரும்" என்றாள். பொறையனார் இலையைத் துடைப்பதில் கருத்தாயிருந்தார்.

கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே வந்தது. சுடுசோறும் அயிரைமீன் குழம்பும் வந்தன. எவரும் எதையும் விளக்கவில்லை. அறவாழியாரே, இரு அரசர்கள் ஒரு சொல்லும் இன்றி அமர்ந்திருந்த அந்நேரத்தில் முடிந்த அரசியல், எம் ஆட்சியில் எந்த அவையிலும் முடிந்ததில்லை. மூன்றாம் முறை குழம்பு வாங்கிய பின், பொறையனார் மடியிலிருந்து உடன்படிக்கையை எடுத்து, படைத்தலைவர் இனி ஒருபக்க அவமதிப்பு என்று கூறலாகாது என மொழிந்து, மறு ஓரத்தைத் தாமும் கடித்தார். மதகு திறக்க ஆள் போயிற்று. இவ்வோலைக்கு முன்பே ஆற்றுநீர் அங்கே வந்து சேரும்.

ஆகவே ஆணை. பொறையனார் நம் நாட்டுக்கு எதிர்வருகை தரும்போது நிகழும் விருந்துக்கென நளினபண்டிதரின் மாணாக்கனை நீர் அமர்த்தியதாக அறிகிறோம். அவனுக்குப் பட்டாடை அளித்துத் திருப்பி அனுப்புக. அனுப்புமுன் வயிறாரச் சோறிடுக, பாவம். விருந்தை நம் துறைமுகத்துச் சோற்றுக்கடையில் ஏற்பாடு செய்க. உடன்வரும் உடன்படிக்கையைக் கருவூலத்தில் சேர்க்க. அதன் ஓரங்களைக் கறையான் அரித்ததென எந்த எழுத்தரும் பதியற்க.

இவ்வோலைக்கு நம் மீன் முத்திரை சான்று. அவ்வோலைக்கு இரு வேந்தரின் பசி சான்று. மீன் குழம்பின் மணம் இன்னும் இருக்கும், முகர்ந்து தெளிக.