உரிக்காமல் விட்ட தாள்

உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மூன்று வருடம் சொன்னோம். அது அநியாயம். திரையில் உன் லாரி பாலத்துச் சுவரில் இடித்தபோதெல்லாம் குற்றம் உன் கையில் இல்லை, கம்ப்யூட்டரின் சூட்டில் இருந்தது. அந்தச் சூட்டுக்குக் காரணமான பொருள் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் சிவப்பாக ஆங்கில எழுத்து. கருகவில்லை, கிழியவில்லை. கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் உன் மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். அப்பாவின் கம்ப்யூட்டர் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டாள். டவுனில் ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், இதற்கு வயசாகிவிட்டது, வேண்டுமானால் உள்சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் கூலர் போட்டுப் பாருங்கள் என்றாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பம்பு, குழாய், ரேடியேட்டர் என்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் எங்கே வைப்பது? ஒரு நாள் கசிந்தால் போர்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரை பொறு, காற்றாடிக் கூலரிலேயே பெரிதாக ஒன்று பார்த்து மாட்டுகிறேன் என்றேன். சரி மாமா, ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

நான் யாரிடமும் போய்க் கற்றவனில்லை என்பது உனக்குத் தெரியும். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே ரேடியோ படித்தேன். டிவியும் அப்படித்தான். சர்க்கரை வியாதிக்கு வலது காலைக் கொடுத்துவிட்டு, லாரித் தொழிலையும் விட்டு நீ வீட்டில் உட்கார்ந்தபோது, மகள் உனக்காக வாங்கிய பழைய கேமிங் கம்ப்யூட்டரும் என் கைக்குத்தான் வந்தது. ஸ்டியரிங்கை மேசையோடு முடுக்கினேன். பெடல்களை இடது காலுக்குத் தோதாக மாற்றி வைத்தேன். லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டதும், நீ வேட்டியை மடித்து விட்டுக்கொண்டு, திரையில் தெரிந்த பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை நீட்டினாய். விரல் திரையில் முட்டியது. நான் சிரித்தேன்.

அந்த வருடமே, காற்றாடி கத்துகிறது என்று கூலரை மாற்றினோம். புதியதை மாட்டியவன் நான். அதன் பிறகு இருபது நிமிடம் ஓட்டினால் படம் திக்கும். நீ இப்போது ஒடித்தால் வண்டி அப்புறம் திரும்பும். "நெசமா ஓட்டுன காலத்துல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல மாப்ள. இதுல மட்டும் ஏன்டா இப்படி?" என்பாய். தகரக் கூரை, கந்தர்வக்கோட்டை வெயில், உன் கை நடுக்கம் என்று நான் மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். பொங்கலுக்கு வந்த உன் சொந்தக்காரர்கள், இவர் எப்படித்தான் முப்பது வருடம் லைசென்ஸ் வைத்திருந்தாரோ என்று கேலி பேசியபோது, அதிகமாகச் சிரித்தவனும் நான்தான்.

சனிக்கிழமை, புதுக் கூலருக்கு எவ்வளவு உயரம் இடம் இருக்கிறது என்று அளப்பதற்காகப் பழையதைக் கழற்றினேன். அதன் அடியில் இந்தத் தாள். மாட்டுவதற்கு முன் உரித்திருக்க வேண்டியது, ஓரத்துச் சிவப்பு எழுத்தும் அதைத்தான் சொல்கிறது. இது நடுவில் இருந்தால், கம்ப்யூட்டரின் மூளையான புராசசரின் சூடு கூலருக்கு ஒழுங்காக ஏறாது, மேலே எந்தக் காற்றாடி சுற்றியும் பயனில்லை. கூலரை மாட்டிய அன்றைக்கே நீ கேட்டாய், தாளை உரிக்க வேண்டாமா என்று. புதுச் சாமானில் வருகிற தாளை எவனாவது உரிப்பானா என்று உன் வாயை அடைத்தேன். உன் வீட்டு பிரிட்ஜ் கைப்பிடியிலும் என் வண்டி சீட்டிலும் இன்றைக்கும் தாள் இருக்கிறது. நம் பக்கம் யார் உரிக்கிறார்கள்? எச்சரிக்கையை எறும்பு சைஸில் அச்சடித்த கம்பெனிக்காரன்மேல் பாதித் தப்பு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாளை உரித்தேன். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து கிடந்ததைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, அதே பழைய கூலரைத் திரும்ப மாட்டினேன். தொண்ணூற்றைந்து டிகிரிக்கு ஏறிய சூடு அறுபத்தைந்தோடு நின்றது. வேறு கூலரே தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன், ஒரு இடத்திலும் திக்கவில்லை. உன் மகள் நின்று பார்த்துவிட்டு, பெட்டி இங்கேயே இருக்கட்டும் மாமா என்று சொல்லிப் போனாள்.

காபி கொண்டுவந்த உன் மனைவியிடம் தாளைக் காட்டினேன். தங்கச்சி ஆச்சரியப்படவே இல்லை.

"இது அவருக்குத் தெரியும்ண்ணே. போன்ல எவனோ கூலர் மாட்டுற வீடியோவப் பாத்துட்டு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. அப்ப அண்ணன்ட்டச் சொல்லுங்கன்னேன். வேணாம், அவன்ட்ட இருக்கறதே அந்த வீறாப்பு ஒண்ணுதான், அதையும் புடுங்கணுமான்னாரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். காரணம் தெரிந்தும் திக்குகிற லாரியை ஓட்டி, அத்தனை பேர் கேலியையும் வாங்கிக்கொண்டு, என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாய். நீ இருந்திருந்தால் இதற்கு உன்னை நன்றாகத் திட்டியிருப்பேன்.

இனி ஆக வேண்டியது இது. தங்கச்சி அந்தப் பெட்டிமேல் துணி போர்த்தக் கூடாது, காற்றுப் போக வேண்டும். உன் மகள் வரும்போதெல்லாம் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பொங்கலுக்குச் சிரித்தவர்கள் வரும் பொங்கலுக்கு என் எதிரில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். நடந்தது என்ன என்று அவர்களிடம் நான் என் வாயாலேயே சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தூசி தட்டுவதும் என் பொறுப்பு. அப்புறம், என்னிடம் யாராவது ஒன்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அது பெரிய வேலை. இந்த வாரம் இரண்டு தடவை செய்தேன்.