சுடாது என்று எழுதிக் கொடுத்தது

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

மைத்துனர் பாலகுருவின் இரும்புப் பெட்டி இன்று புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தது. அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். மகன் அரவிந்தனோடு பல வருடமாகப் பேச்சில்லை. அதனால் பெட்டி தங்கை வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே கம்பளிச் சட்டைகள், ஒரு நோட்டுப் புத்தகம். அடியில் மரப்பெட்டிக்குள் ஒரு ரிவால்வர்.

மனைவி வசந்தா அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க தாத்தாவோட தாத்தா வச்சிருந்தது. வெள்ளைக்காரத் தொரை குடுத்தது. நூத்தம்பது வருஷம் இருக்கும்."

நான் உட்கார்ந்துகொண்டேன். உரிமம் என்ற சொல்லை எழுதவே கை வரவில்லை. பயம் வந்தால் பட்டியல் போடுவது என் வழக்கம். இனிவரும் நாட்களில் ஆராய்ந்து எழுத வேண்டியவை:

1. இது பழைய ஆயுதம் அல்ல. பின்னாளில் செய்த நகல்.
2. நகல் என்பதால் தரம் மட்டம். நம்பிச் சுட முடியாது.
3. எனவே இதை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை.
4. முதல் மூன்றையும் வசந்தாவிடம் எப்படிச் சொல்வது.

ஆராய்வதற்கு முன்பே முடிவுகளை எழுதிவிட்டேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே விளங்குவதற்காக எழுதிக்கொள்கிறேன். இதற்குத் தோட்டா கிடையாது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாகக் கரிமருந்தைப் போட்டு, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். பின்பக்கம் பட்டாணியைவிடச் சிறிய செப்புத் தொப்பி ஒன்று. சுத்தியல் அதன்மேல் விழுந்தால் பொறி; பொறி பட்டால் மருந்து வெடிக்கும். தொப்பி இல்லாதபோது வெறும் இரும்பு. பெட்டியில் ஒரு தகர டப்பி நிறைய தொப்பிகள் இருக்கின்றன. அதைத் திறந்து உடனே மூடிவிட்டேன்.

குழலின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது: கரிமருந்துக்கு மட்டும். கரிமருந்தைத் தவிர வேறு மருந்தே இல்லாத காலத்தில் இதை யார் பொறித்திருப்பார்கள்? மனைவி ஒருத்திதான் என்று இருப்பவன் "முதல் மனைவி" என்று அறிமுகப்படுத்துவானா? ஆக, நகல். முதல் குறிப்பு முடிந்தது.

எடை 1,284 கிராம். அறைகளின் வாயில் மஞ்சள் மெழுகு அடைத்திருக்கிறது. உப்புக்காற்று புகாமலிருக்க பாலகுரு செய்திருப்பார். எங்கள் உப்பள ஊரான மரக்காணத்தில் எல்லோரும் செய்வதுதான். பம்ப்செட் நட்டிலிருந்து பூட்டின் சாவித்துவாரம் வரை, நாங்கள் மெழுகோ கிரீஸோ அடைக்காத ஓட்டை கிடையாது.

வசந்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் ஹாலில் அதை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

தொப்பி மாட்டாமல் விசையை இழுத்துச் சோதித்தேன். ஐந்து முறை சுத்தியல் முழுதாக விழுந்தது. ஆறாம் முறை பாதியில் நின்றுவிட்டது. மிக்க மகிழ்ச்சி.

முப்பத்தொரு ஆண்டுகள் உப்பின் தரம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு பொருள் மட்டமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அரவிந்தன் வந்தான். அப்பாவின் சாவுக்குக்கூடக் கால்மணி நேரமே நின்றவன், இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அப்பாவோட துப்பாக்கி இங்கதானே இருக்குது?"

அவனுடைய உப்பளமும் பக்கத்து மணிகண்டனுடைய உப்பளமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கின்றன. மணிகண்டன் பெரிய மோட்டார் போட்டுவிட்டான். கடலில் ஓதம் ஏறி வாய்க்கால் நிறையும் நேரத்தில் அவனே இழுத்துக்கொள்கிறான். அரவிந்தனின் பாத்திகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றன. பங்குனிக்குள் தண்ணீர் ஏற்றாவிட்டால் இந்த ஆண்டு குத்தகை அவன் கையை விட்டுப் போய்விடும்.

"சும்மா இடுப்புல சொருகிக்கிட்டு நின்னா போதும் மாமா. காட்டத்தான். சுடவா போறேன்?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு: "அதோட தரம் சரியில்ல அரவிந்தா. ஒரு வாரம் குடு. நான் முறையா டெஸ்ட் பண்ணி எழுத்துல தர்றேன்."

வசந்தா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "டெஸ்ட் பண்ண என்னங்க இருக்குது? எங்க குடும்பத்துச் சாமான்."

பிப்ரவரி 22, சனி

சங்கடமான நாள். பாலகுருவின் நோட்டைத் திறந்தேன். அவர் பிரான்சில் இருந்தபோது ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினராக இருந்திருக்கிறார். இதே ரிவால்வர்தான். ஒவ்வொரு ஞாயிறும் கணக்கு.

"1988, மே. 48 சுட்டேன். 2 வெடிக்கவில்லை. பழைய தொப்பி. குறை துப்பாக்கியில் இல்லை."

"ஜூன். 60-க்கு 60."

"அக்டோபர். பாதியில் நின்றது. வெடித்த தொப்பியின் துணுக்கு சுத்தியலுக்குள் மாட்டிக்கொண்டது. துடைத்ததும் சரி."

பாதியில் நிற்பதன் காரணமும் அதைத் தீர்க்கும் வழியும் தெரிந்துவிட்டன. ஊசியால் குத்திப் பார்த்தேன். நெல் உமி அளவில் ஒரு செப்புத் துணுக்கு வந்தது. பிறகு ஆறுக்கு ஆறு விழுந்தது.

என் இரண்டாம் குறிப்புக்கு எதிரான சாட்சி இது. நோட்டை மூடிவிட்டேன். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் மேசைமேல் பழக்கூடையை வைத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். ஒரு சோதனை முடிவைக்கூட நான் மறைத்ததில்லை. அந்தச் செப்புத் துணுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 26, புதன்

அறிக்கை எழுதி முடித்தேன். பதினொரு வரி. "இது பிற்கால நகல். ஸ்பிரிங்குகள் நைந்துள்ளன. ஆறில் ஒரு முறை இயக்கம் தடைப்படுகிறது. கடற்காற்றால் உட்புறம் அரித்துள்ளது. எந்நிலையிலும் சுடும் தகுதி இதற்கு இல்லை." கீழே கையெழுத்து, தேதி, ஓய்வுபெற்ற ஆய்வகப் பரிசோதகர்.

ஆறில் ஒரு முறை என்பது பதினான்காம் தேதிப்படி உண்மை. ஸ்பிரிங், அரிப்பு பற்றிய வரிகள் கற்பனை. நடை நன்றாக அமைந்திருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

அரவிந்தன் அறிக்கையை இரண்டு தடவை படித்தான். முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு மாமா! சுடாதுன்னா கேஸும் வராது, ஆளுக்கும் ஒண்ணும் ஆவாது. நெஞ்சுக்கு நேராவே காட்டலாம். எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருந்துது. இப்ப இல்ல."

அறிக்கையைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். வசந்தா பெட்டியோடு எடுத்துக் கொடுத்தாள். தொப்பி டப்பியையும் கேட்டு வாங்கினான். "சத்தமாவது வரட்டும் மாமா, பொட்டு வெடியாட்டம்."

நான் வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

மார்ச் 1, சனி

காவல் நிலையத்துக்குப் போவதென்று கிளம்பினேன். எதிரே உள்ள கடையில் இரண்டு டீ குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

வசந்தா மீன் வாங்கப் போன இடத்தில் பாப்பாத்தியிடம் சொல்லியிருக்கிறாள். பாப்பாத்தி அரவிந்தனிடம் உப்பு வாருபவள். "எங்க வீட்டுக்காரரு டெஸ்ட் பண்ணி, சுடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு." பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். பாப்பாத்திக்குத் தெரிந்தால் இரண்டு உப்பளத்துக்கும் தெரியும்.

ஒரு வகையில் நிம்மதி. மணிகண்டன் பயப்பட மாட்டான். அரவிந்தன் ஏமாந்து திரும்புவான். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். அப்படித்தானே?

மார்ச் 3, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரை, காப்பி குடித்தபின், அன்று மூடி வைத்த நோட்டைத் திறந்தேன். விட்ட இடத்துக்கு அடுத்த பக்கம்தான். "குண்டு வைத்து அழுத்திய பிறகு அறையின் வாயை மெழுகால் மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வெடிக்கும்போது நெருப்பு பக்கத்து அறைக்கும் தாவும்." அதன் கீழே: "காலியாக எடை 1,221."

என் தராசில் 1,284. அறுபத்து மூன்று கிராம் மெழுகா? அந்த ஆறு ஓட்டையில்? அட மடையா, அதற்கு அடியில் குண்டு இருக்கிறது. ஆறு குண்டு. கடைசி நாட்களில் தனியாக இருந்த மனுஷன் எதற்குப் பயந்து நிரப்பி வைத்தாரோ. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் விசையை இழுத்து இழுத்து மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறேன்.

அரவிந்தன் போனை எடுக்கவில்லை. அவன் மனைவி ரேகா எடுத்தாள். "விடிகாலையிலேயே வாய்க்காலுக்குப் போயிட்டாரு மாமா. இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிட்டுத்தான் வருவேன்னாரு."

எழுபத்திரண்டு வயதில் வரப்பில் ஓட முடியாது. ஓடினேன். இரண்டு முறை விழுந்தேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. மோட்டார் அருகே இரண்டு பேரும். சுற்றிலும் உப்பு வாருகிறவர்கள் ஆறேழு பேர், பலகையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டு. தொப்பி மாட்டிய துப்பாக்கியோடு அரவிந்தனின் கை நீண்டிருந்தது. மணிகண்டன் பனியனைத் தூக்கிக்கொண்டு நெஞ்சைக் காட்டினான்.

"என்னாடா, தீபாவளித் துப்பாக்கியா? உங்க மாமா சர்டிபிகேட்டு குடுத்தது ஊருக்கே தெரியும்டா. சுடு. இங்க சுடு."

"சுட்டுருவேன், மணி."

"சுடுடா, பாக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்னைக் கொன்றது. சண்டைக்கு வந்தவர்கள் சிரிக்கிறார்கள், என் எழுத்தை நம்பி.

"அது சுடும்! நான் எழுதினது பொய்!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அரவிந்தன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போங்க மாமா, காலங்காத்தால."

அவன் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தான். அந்தச் சொடுக்கு எனக்குத் தெரியும். கிட்டே பாய்ந்து, குழலை இரண்டு கையாலும் பிடித்து என் முழு எடையோடு கீழே தொங்கினேன்.

வெடித்தது. விரல் அவனுடையது, திசை என்னுடையது. மணிகண்டனின் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி வரப்பு பிளந்துபோயிற்று. வெள்ளைப் புகை எழுந்து, கொஞ்ச நேரம் யாரும் யாருக்கும் தெரியவில்லை.

புகைக்குள்ளிருந்து முதலில் வந்தது பாப்பாத்தியின் குரல். "சாரு... யாருனா செத்தீங்களா?"

அரவிந்தன் உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். மணிகண்டன் குனிந்து தன் கால் விரல்களைத் தொட்டு எண்ணினான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமே இல்லை, அடிபட்ட குழந்தையின் முகம்.

"சார், நீங்க படிச்சவரு. உங்களை நம்பித்தானே சார் நெஞ்சைக் காட்டினேன்?"

கையில் மிஞ்சியிருந்த துப்பாக்கியை வரப்பில் வைத்தேன்.

பாப்பாத்திதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். அதை உப்புக் கூடையில் போட்டு, முந்தானையால் மூடி, உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீர்க் குட்டைக்குக் கொண்டுபோய் நடுவில் வீசினாள். அந்தத் தண்ணீரில் எந்த இரும்பும் ஒரு கோடை தாங்காது.

மார்ச் 4, செவ்வாய்

சாலையில் போன யாரோ துப்பாக்கி வெடித்த சத்தம் கேட்டதாகப் போன் செய்திருக்கிறார்கள். காவலர் ஒருவர் பைக்கில் வந்தார். என்னையும் உப்பளத்துக்குக் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று உறுதியாகப் போனேன்.

நான் வாய் திறக்கும் முன் மணிகண்டன் சொன்னான்: "என் மோட்டார் பைப்பு வெடிச்சுது சார்." பைப்பும் பிளந்துதான் கிடந்தது. நேற்று சாயங்காலமே கடப்பாரையால் அவனே பிளந்திருக்கிறான்.

"துப்பாக்கின்னு சொன்னாங்களே?"

"அதுவா சார்? துரு புடிச்ச பழைய இரும்பு. சுடாது. தூக்கிப் போட்டாச்சு," என்று அரவிந்தன் போனிலிருந்த என் அறிக்கையைக் காட்டினான். காவலர் பதினொரு வரியையும் நிதானமாகப் படித்தார்.

"சார், இது நீங்க எழுதினதா?"

"கையெழுத்து என்னுடையதுதான்."

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார்.

சுற்றி நின்ற உப்பு வாருகிறவர்கள் உட்பட அத்தனை பேரும் எனக்காகப் பொய் சொல்லி நின்றார்கள். அதில் ஒருவன் நெஞ்சைக் காட்டியவன்.

மார்ச் 15, சனி

மணிகண்டன் பிளந்த பைப்புக்கு மாற்று இன்னும் வரவில்லை; அவனுடைய பெரிய மோட்டார் ஓடவில்லை. எனவே அரவிந்தனின் சின்ன மோட்டாரே இரண்டு உப்பளத்துக்கும் ஓடுகிறது. காலை ஓதம் ஒருவனுக்கு, மாலை ஓதம் மற்றவனுக்கு. யாரும் இதை ஒப்பந்தம் என்று சொல்வதில்லை.

ஏப்ரல் 9, புதன்

அரவிந்தன் இந்த ஆண்டின் முதல் உப்பை ஒரு பை கொண்டுவந்து வைத்தான். "டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க மாமா." கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. நல்ல உப்பு; அதை வாயால் மட்டும் சொன்னேன், எழுதித் தரவில்லை.

அவன் போனதும் வசந்தா அந்தப் பையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். போகிறபோக்கில் சொன்னாள்:

"நூத்தம்பது வருஷத்துச் சாமான். உப்புக் காத்துல கெடந்தும் ஒரே இழுப்புல வெடிச்சுது பாருங்க. டூப்ளிகேட்டா இருந்தா இப்படி வெடிக்குமா?"

வசந்தாவிடம் எப்படிச் சொல்வது என்ற நாலாம் குறிப்பை எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல தருணம் வராது என்று தெரிந்தது. "வெடிக்காது," என்றேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். இரண்டாம் குறிப்பு தவறு. அது நகல்தான்; ஆனால் முதல் தரமான பொருள்.