மூன்றாவது கையொப்பம்

ஜெனீவா
11 ஒக்ரோபர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள சண்முகலிங்கத்துக்கு,

நான் சுகம். வியாழக்கிழமை போனில் அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், ஞானேஸ்வரியின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள் என்று சொல்ல நீ மறக்கவில்லை. அதைக் கேட்டு ஆறுதலாக இருந்தது. அவளை அதிகம் படியேற விடாதே. மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருபது வருடம் இருந்துவிட்டீர்கள். கீழ்த்தளத்தில் வீடு கேட்டு இப்போதே எழுதிப் போடு. இங்கே நான்கு நாளாக மழை. என் இருமல் பழைய இருமல்தான்.

நேற்று ஆறு தடவை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இன்றைக்கே தபாலில் சேர்த்தால் திங்கட்கிழமை உன் கையில் கிடைக்கும். கட்டுரை வியாழக்கிழமை, பதினாறாம் திகதி காலையில் வெளிவருகிறது. ஜெர்மன் பத்திரிகையில் அவர்களுடைய நிருபர் எழுதியது. அதே நேரம் தமிழில் நான் எழுதியது. நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யதுசனுடைய பெயர், உன் மகனுடைய பெயர், தமிழ்க் கட்டுரையில் இருக்கும்.

பொடியனை ஏமாத்திப் போட்டாங்கள், அவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நீ நாற்பது நிமிடம் திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் மறுத்துப் பேசவில்லை. நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாய். அந்த இடத்தில் வைத்துச் சொல்லக்கூடிய விடயமாக அது இருக்கவில்லை. இனி வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நான் சொல்லவேண்டும். ஒழுங்காகவே சொல்கிறேன்.

இதைத் தொடக்கிவைத்தது நீ. ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை, சித்திரை அமாவாசை. உன் தங்கை ஜெயந்திக்கும் அவளுடைய மகள் மதுஜாவுக்கும் பதினாறாவது திவசம். வழக்கம்போல இருவருடைய படங்களுக்கும் முன்னால் படையல் வைத்து, பக்கத்தில் அந்தக் குண்டின் இரும்புத் துண்டையும் வைத்தாய். இறந்தவர்களின் படையலில் அவர்களைக் கொன்றதை யாரும் வைப்பதில்லை என்று ஞானேஸ்வரி ஒவ்வொரு வருடமும் சொல்வாள். ஆர் அனுப்பினது எண்டு தெரியிற மட்டும் அது அங்கைதான் இருக்கும் என்று ஒவ்வொரு வருடமும் நீ சொல்வாய்.

இந்த வருடம் உன்னோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் இத்ரீசையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாய். டார்ஃபூரில் இருந்து வந்தவர், தனியே இருக்கிறார், பாவம் என்றாய். அவர் படையலைப் பார்த்தார். அந்த இரும்பு என்ன என்று கேட்டார். நீ உனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாய். அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தீப்பெட்டி அளவில் கருகிய ஓர் அலுமினியப் பாகம். ஒரு பக்கத்தில் ஏழு இலக்க எண். பெப்ரவரி மாதம் அவருடைய ஊரான எல் ஃபாஷரில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள்மேல் ஆளில்லா விமானம் ஒன்று விழுந்து வெடித்தது. அந்த இடத்தில் அவருடைய தம்பி பொறுக்கி எடுத்தது இது. வரிசையில் நின்றவர்களில் அவருடைய மகள் ஹனானும் ஒருத்தி. ஒன்பது வயது.

நீ என் தோளில் தட்டினாய். தவராஜா, என்ரை துண்டுக்கு நீ ஒண்டும் கிழிக்கேல்லை, இந்த மனுசனுக்காவது கண்டுபிடிச்சுக் குடு என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எழுதுவதை வாசிப்பதற்கு உலகத்தில் நீயும் உன் மனைவியும்தான் மிச்சம் என்று நீ வழக்கமாகச் செய்யும் பகிடியையும் சேர்த்துச் செய்தாய். இத்ரீஸ் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார்.

அந்த எண்ணோடு ஜெர்மன் பத்திரிகையின் நிருபர் ஒருவரும் நானும் ஐந்து மாதம் அலைந்தோம். அது ஒரு எரிபொருள் பம்ப். சிறிய என்ஜின்களுக்குப் பெற்றோல் அனுப்புவது. செய்த இடம் நீங்கள் இருக்கும் கூர் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். யதுசன் பதினாறு வயதில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்து, இன்றைக்கு ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் அதே தொழிற்சாலை.

டார்ஃபூருக்கு ஆயுதம் போகக்கூடாது என்ற ஐ.நா. தடை இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. இங்கிருந்து யாரும் அங்கே ஆயுதம் அனுப்பவில்லை. பம்ப் ஆயுதம் அல்ல. அதை மூன்றாம் நாடு ஒன்றில் உள்ள வியாபாரி வாங்குகிறார். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானங்களுக்கு என்று எழுதித் தருகிறார். தொழிற்சாலை அதைப் படிவத்தில் நிரப்பி, ஏற்றுமதி அனுமதி கேட்டுப் பேர்ணில் உள்ள அரசாங்கத்துக்கு அனுப்புகிறது. பேர்ண் முத்திரை குத்துகிறது. வியாபாரியின் முகவரிக்கு நாங்கள் ஒருவரை அனுப்பிப் பார்த்தோம். அது கைத்தொலைபேசி உறைகள் விற்கும் கடை. அந்த நாட்டில் மருந்து தெளிக்கும் அளவுக்கு வயல் இல்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதை உனக்குத் தமிழில் தருகிறேன். "இப்பொருளுக்கு வேறு பயன்பாடு இருப்பதாக நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை." அதற்குக் கீழேதான் படிவத்தைத் தயாரித்தவரின் கையொப்பம். மூன்று படிவங்கள் எங்களிடம் உள்ளன. மூன்றிலும் கையொப்பம் யதுசனுடையது.

முதலாவது, 2023 நவம்பர் 14. இரண்டாவது, 2024 ஓகஸ்ட் 6. ஹனான் நின்ற வரிசையில் விழுந்த பம்ப் இந்தப் பெட்டியில் போனது. இந்த இரண்டையும் வைத்து நீ சொல்வதை நான் ஏற்றுக்கொள்வேன். பொடியனை ஏமாற்றினார்கள். அப்படி மட்டும் இருந்திருந்தால் பெயரை எழுதியிருக்க மாட்டேன். நீ கேட்காமலே விட்டிருப்பேன்.

மூன்றாவது, 2025 மே 8.

திவசத்தன்று இத்ரீசின் போன் கைமாறிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கண்ணாடி தேடிக்கொண்டிருந்தாய். பாயசம் பரிமாற வந்த யதுசன் போனை வாங்கினான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். நான் பக்கத்தில் இருந்தேன். எண் தெளிவாகத் தெரிந்தது. அவன், இதிலை ஒண்டும் விளங்கேல்லை மாமா, எல்லாம் எரிஞ்சு போச்சு என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு இத்ரீசுக்குப் பாயசம் ஊற்றினான். அன்றைக்கு நான் அதில் எதையும் சந்தேகிக்கவில்லை.

செப்டெம்பர் 24 அன்று கூர் ரயில் நிலையக் கோப்பிக் கடையில் அவனைச் சந்தித்தேன். படிவங்களை மேசையில் வைத்தேன். அவன் பொய் சொல்லவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஓம் மாமா, எண்ணைப் பாடமாக்கிக்கொண்டு போனனான், அடுத்த நாள் காலமை வேலைக்குப் போன உடனை பாத்தனான், எங்கடைதான் என்றான். தன் மேலதிகாரியிடம், அவர்கள் ஷெஃப் என்று சொல்பவரிடம், சொல்லியிருக்கிறான். வாடிக்கையாளர் எழுதித் தந்ததைத்தான் நாம் எழுதுகிறோம், உனக்குக் கை நடுங்கினால் வேறு கை இருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னாராம். பத்து நாள் கழித்து மூன்றாவது படிவம் மேசைக்கு வந்தது. காரணம் எதுவும் இல்லை என்ற வரிக்குக் கீழே அவன் கையொப்பம் வைத்தான்.

ஏன் என்று கேட்டேன். நான் வைக்காட்டி ஆரும் வைப்பினம் என்றான். பிறகு, யூலையிலை பிரிவுப் பொறுப்பு வர இருந்தது மாமா என்றான். அதைத் தலை குனிந்துகூடச் சொல்லவில்லை. வெயிலாயிருக்கு என்பது போலச் சொன்னான்.

அந்தப் பொறுப்பு வந்தது. நீ சலவைப் பகுதிக்கு வடை சுட்டுக்கொண்டு போனாய். இத்ரீஸ் இரண்டு வடை சாப்பிட்டு, உன் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார் என்று அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்துச் சொன்னாய்.

மூன்றாவது பெட்டியில் இருநூறு பம்புகள் போயிருக்கின்றன. அவை இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

இனிப் பெயர் விடயம். ஜெர்மன் பத்திரிகை அவனுடைய பெயரைப் போடாது. அவர்களின் வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். ஆனால் தொழிற்சாலை நேற்று அனுப்பிய பதிலை அவர்கள் முழுதாகப் போடுவார்கள். அதில் இப்படி இருக்கிறது: படிவங்களைத் தயாரித்தவர் ஒரே ஊழியர், அவரே உள்நாட்டுப் போரில் உறவுகளை இழந்த குடும்பத்திலிருந்து வந்தவர், ஆகவே அவருடைய கவனத்தில் தனி நம்பிக்கை வைத்திருந்தோம். ஜெயந்தியையும் மதுஜாவையும் அவர்கள் கேடயமாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கூரில் அந்த வசனத்தை வாசிக்கும் எந்தத் தமிழனுக்கும் பெயர் தேவைப்படாது. ஷெஃப்பின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் நான் முதலில் எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு மூன்று வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தப்பிவிடக்கூடும். உன் மகன் தப்பமாட்டான் என்று நினைக்கிறேன். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் எழுதுகிறாய் என்று கேட்டாய். 2009 மே மாதம், இங்கே ஐ.நா. முன்றலில் உடைந்த நாற்காலிச் சிலையின் கீழே நீயும் நானும் மூன்று நாள் நின்றோம். எந்தெந்த நாடு குண்டு கொடுத்தது என்று நான் எழுதிய கட்டுரையை உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ அதைப் பறித்துக் கசக்கி எறிந்தாய். நாடு எப்பிடியடா கையெழுத்து வைக்கும், ஒரு மனுசன் எல்லோ வைச்சிருப்பான், அவன்ரை பேரை எழுது, அவன்ரை தாய் தேப்பன் ஆர் எண்டு எழுது என்று கத்தினாய். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வருடமாக எனக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. இத்ரீசும் ஒரு தகப்பன்தான். உனக்குக் கொடுத்திருக்க வேண்டியதை அவருக்குக் கொடுக்காமல் விடுவதற்கு, அது உன் மகன் என்பதைத் தவிர எனக்கு ஒரு காரணமும் இல்லை. அந்தக் காரணத்தை இரண்டு கிழமை வைத்துப் பார்த்தேன். போதவில்லை.

1996 தையில் நான் டாவோசில் வந்து இறங்கியபோது, நீ ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாய். ஒரு கட்டிலும் ஒரு கம்பளியும்தான் உன்னிடம் இருந்தன. கட்டிலை எனக்குத் தந்துவிட்டு ஏழு மாதம் நீ தரையில் படுத்தாய். அதை மறந்துவிட்டு இதைச் செய்கிறேன் என்று நினைக்காதே. நினைத்துக்கொண்டுதான் செய்கிறேன். இனி என்னோடு கதைக்கவேண்டாம் என்று நீ முடிவு செய்தால், அதையும் புரிந்துகொள்வேன்.

சில நடைமுறை விடயங்கள். பேர்ணில் விசாரணை தொடங்கும். யதுசன் தானாகவே முன்கூட்டிப் போய்ச் சொன்னால் அது அவனுக்குச் சாதகமாக இருக்கும் என்று சட்டம் தெரிந்த இருவர் சொன்னார்கள். தொழிற்சாலை ஏற்பாடு செய்யும் வழக்கறிஞரை அவன் ஏற்கக்கூடாது. அவர் தொழிற்சாலைக்காகத்தான் பேசுவார். சூரிச்சில் அருட்செல்வன் என்ற எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இந்தத் துறையில் இருக்கிறார். அவருடைய அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். தன் போனில் இருந்து அவன் எதையும் அழிக்கக்கூடாது.

ஞானேஸ்வரிக்கு நீ சொல். முழங்கால் ஆறும்வரை பொறுக்கலாம் என்று யோசிக்காதே. கோயிலிலிருந்து யாராவது வந்து அவளிடம் சொல்லிவிடுவார்கள்.

இத்ரீசுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அந்த எண் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டோம், வியாழக்கிழமை வெளிவரும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். உனக்கும் சொல்லச் சொன்னார். சண் அண்ணை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று தன் ஜெர்மனில் சொன்னார். வியாழன் காலை ஆறு மணிக்கு உனக்கும் அவருக்கும் ஒரே நேர வேலை என்று அவரே சொன்னார்.

அதனால் கேட்கிறேன். உன்னிடம் இனி எதையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். புதன்கிழமை பின்னேரம் யதுசனைத் தனியே விடாதே. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த சில கிழமைகளுக்கும் விடாதே. ஆனால் புதன்கிழமை நீ வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டாம். அவனைக் கூட்டிக்கொண்டு இத்ரீஸ் இருக்கும் அறைக்குப் போ. இரண்டு பஸ் நிறுத்தம்தான். அவர் உன்னைக் கண்டவுடன் சந்தோஷப்படுவார், தேத்தண்ணி போட எழும்புவார். அவரை இருக்கச் சொல். பிறகு நீ ஒன்றும் பேசாதே. அவன் பேசட்டும்.

உங்கள் மூவருக்கும் அன்புடன்,
தவராஜா