என் நம்பருக்கு வந்த உன் நோய்

இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஃபோன் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. எனக்கு ஆங்கிலம் வராது என்பது உனக்குத் தெரியும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. ஆனால் ஆங்கில எழுத்தில் உன் பேர் எப்படி இருக்கும் என்பதை மட்டும் பழகி வைத்திருக்கிறேன்; அந்தப் பேரோடு என் ஃபோனுக்கு வருவது ஆஸ்பத்திரிச் செய்தி மட்டும்தான். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்களுக்கு டி.பி. இருந்துச்சாமே, பெரியம்மா?" அந்தக் கேள்வியும் இந்தச் செய்தியும் அடுத்தடுத்து வந்ததால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாம்பழ சீசனில் சித்தூர் மாங்கூழ் ஃபாக்டரியில் நாம் எதிரெதிரே நின்று பழம் அறுத்தோம். உன் இருமல் நிற்கவேயில்லை. "புளிப்பு வாசனை தொண்டையைப் புடிச்சிக்கிச்சு" என்று சமாளித்தாய். ஒரு நாள் உன் முந்தானையில் ரத்தத்தைப் பார்த்ததும் உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அப்போதுதான் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். "ஃபோன் நம்பர் செப்பம்மா" என்று தெலுங்கில் கேட்டான் கவுன்ட்டரில் இருந்தவன். உங்கள் வீட்டில் இருந்த ஒரே ஃபோன் உன் புருஷனோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தது. நீ என் நம்பரைச் சொன்னாய்.

"இன்னாடி, என்னுத குடுக்கிறே?"

"உன் ஃபோனுக்கு வந்தா என் மடியில வந்து வுழுந்த மாதிரிமே."

நம் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நாலு வீட்டுக்கு ஒரு நம்பர். அதில் ஒரு ஆபத்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

நாலாம் நாள் செய்தி வந்தது. நான் செய்த தப்பு இதுதான்: உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், பஸ் ஸ்டாப்பில் இருந்த ரீசார்ஜ் கடையில் போய் ஃபோனை நீட்டினேன். கடைக்காரன் கத்தரிக்காய் விலை கூவுகிறவன் மாதிரி உன் பேரைப் படித்தான். சளியில் டி.பி. இருக்கிறது, உடனே வரவும் என்பதையும் அதே குரலில் படித்தான். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், உன் மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா.

"யாருக்கு? நம்ம சம்மந்தியம்மாவுக்கா?" என்று அவர் திரும்பினார்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

"எனக்குண்ணா" என்றேன்.

"பேரு அவங்களுது படிச்சானே?"

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். பேரை மாத்தி அடிச்சிட்டான். நம்பர் யாருதுன்னு பாருங்க. நம்பர் என்னுது, வியாதியும் என்னுது."

அவர் ஓரடி தள்ளி நின்றார். நம்பிவிட்டார் என்று அதில்தான் தெரிந்தது.

ஆறு மாதம் உன் மாத்திரைகள் என் வீட்டில் இருந்தன. காலையில் நீ வந்து, கதவைச் சாத்திக்கொண்டு விழுங்குவாய். மகளிடம் மட்டும் சொல்லி அவளையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாய், அவளுக்கு ஒன்றுமில்லை. ஊர் உன்னைத்தான் மெச்சியது. "டி.பி. வந்தவளை தினம் போய்ப் பாத்துக்கினு வராளே, இன்னா மனசு!" அதை என்னிடம் சொல்லி அழுதாய். "அப்ப நாளைக்கு ரெண்டு முட்டை அவிச்சிக்கினு வா, நர்சம்மா" என்றேன். சிரித்தாய். சிரித்து முடித்து மறுபடியும் அழுதாய்.

ஃபாக்டரியில் என்னை வேண்டாம் என்றார்கள். உன் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது நான் மண்டபத்துக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தேன். மேடையிலிருந்து நீ என்னைத் தேடியதைப் பார்த்தேன். அடுத்த வாரமே, "ஊருக்கு உண்மையைச் சொல்லிடறேன்மே" என்று வந்தாய். "உன் பொண்ணு அந்த வூட்டுல வாழணும், வாயை மூடு" என்று நான்தான் தடுத்தேன். இதைப் பெரிய தியாகம் என்று நீ கடைசிவரை சொன்னாய். கிடையாது. உன் நோயைக் கடைத்தெருவில் நீட்டியவள் நான். அள்ளிக்கொள்ள வேண்டியவளும் நான்தான்.

என் பேத்தி இப்போது திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். நம் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் பெண். அதைச் சொல்லாமல் என்னால் ஒரு பஸ் பயணம்கூடப் போக முடியாது. நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே சேர்ந்திருந்தபோது, "அவருக்கு இன்னா வியாதி?" என்று கேட்டேன். "அது அவருது ஆயா. நான் எடுத்துக் குடுக்க முடியாது" என்றாள். எனக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உன்னை நினைத்துக்கொண்டேன்.

நேற்று வந்தவர்களிடம், "ஆமா, இருந்துச்சு. ஆறு மாசம் மாத்திரை துன்னேன், போயிடுச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல? உன் மகள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு. வந்தவர்கள் ஃபோன் பண்ணுகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். "பாதி காபியை அப்படியே வச்சிட்டு ஓடறவங்களோட நான் எப்படி ஆயா வாழறது?" என்று பேத்தி டம்ளர்களை எடுத்துப்போனாள். அவள் முகம் வாடியிருந்ததை நான் பார்க்காமல் இல்லை.

இன்று காலை ஃபோனை என் கையிலிருந்து வாங்கியவள், முதலில் போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"இது உன் பேர் இல்லியே ஆயா."

"இல்ல."

"அப்ப அந்த டி.பி..."

களைந்த அரிசியையே மறுபடியும் களைய ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் செய்தியைத் திறக்காமலே திரையை அணைத்து, ஃபோனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.