அலுமாரி நின்ற இடம்

பன்வில,
14.02.1999

அன்பு மகள் சுந்தரிக்கு,

நான் தலைசுற்றி விழவில்லை. உன் தம்பி செல்லச்சாமி லாபிர் கடை டெலிபோனில் உனக்குச் சொன்னது பொய். தரையைச் சறுக்கப் பண்ணி, நான் பிடித்து நடக்கும் அலுமாரியையும் எடுத்துவிட்டு, என்னை விழ வைத்தார்கள். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என்று இருந்தேன். குவைத்தில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். நானும் சுகம் என்று எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் ஒரு பொய்.

நடந்ததைக் கேள். உன் மகள் சந்திரிகாவைப் பெண் பார்க்க, மாப்பிள்ளையின் தாய் ரத்தினம்மா போன மாதம் புசல்லாவையிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்தாள். வருகிறவர்கள் முகம் பார்க்கிற மாதிரி தரை இருக்க வேண்டும் என்று செல்லச்சாமியின் பெண்சாதி சீதா இரண்டு நாளாகச் சிவப்புப் பாலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்தாள். வருகிறவர்கள் உட்காரக் கதிரை போட இடம் வேண்டுமென்று அலுமாரியை நாங்கள் படுக்கும் உள் காம்பராவுக்குத் தள்ளினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால் இது, பத்து வருஷமாக ஒவ்வொரு அடிக்கும் வலிக்கிறது, வீட்டுக்குள் நான் நடப்பதே சுவர், அலுமாரி, கதவு நிலை என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துத்தான். அன்றைக்குப் பீலித் தண்ணீரில் கால் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்தேன். சுவரை விட்டுக் கையை நீட்டினேன், அலுமாரி இல்லை. சந்திரிகா தேத்தண்ணித் தட்டோடு நிற்கும்போது, வந்தவர்கள் முன்னால் இடுப்பு அடிபட விழுந்தேன்.

சீதா ஓடி வந்து தூக்கும்போதே காதுக்குள், மாமி, தலசுத்துன்னு சொல்லிருங்க, தரைதான் சறுக்குச்சின்னு தெரிஞ்சா ரத்தினம்மாக்கா என்ன நெனப்பாங்க என்றாள். நாலு பேர் முன்னால் அவள் முகம் வாட வேண்டாம் என்று நானும் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். நீ முதலாம் வகுப்பில் கொண்டுவந்த சிலேட்டைப் பார்த்து எழுத்துக் கற்று, இனிக் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று நின்றவள் நான். அந்தப் பொய்யை எழுதிய தாளில் நானே கையெழுத்தும் வைத்தேன். எலும்பு உடையவில்லை. தலைச்சுற்றுக்குக் குளிசை கொடுத்தார்கள், முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குளிசை போட்டால் கண் சொக்குகிறது, போன மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து இறங்கும்போது மறுபடியும் விழுந்தேன். அன்றிலிருந்து இறங்கவே விடுவதில்லை. எழும்பினால் செல்லச்சாமி, சும்மா கெடங்கம்மா, விழுந்து தொலச்சா யாரு தூக்குறது என்று கத்துகிறான். கால் குச்சி மாதிரி மெலிகிறது, இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடந்தால் இது என்னைத் தூக்காது. இதற்கு மேல், தலைச்சுற்று ஊர் வாயில் வலிப்பாக மாறி, கிழவிக்கு வலிப்பாமே, பேத்திக்கும் இருக்குமோ என்று ரத்தினம்மா ஆள் விட்டு விசாரிக்கிறாள். ஒரு டின் பாலிஷை மறைக்கப் போய் உன் மகளுக்கு ஒரு நோயைக் கட்டிவிட்டோம். சந்திரிகா என் முன்னால் அழுவதில்லை, பீலிக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறாள்.

நீ சக்கரக் கதிரை அனுப்பப் போகிறாயாம். வேண்டாம். செய்ய வேண்டியதை எழுதுகிறேன். செல்லச்சாமி அலுமாரியை நின்ற இடத்திலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும், கட்டில் ஓரத்திலும் பீலிப் படியிலும் பிடிப்பதற்குக் கம்பு அடிக்க வேண்டும். சீதா அந்தப் பாலிஷை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தெடுக்க வேண்டும், அவள் கெட்டவள் இல்லை, ஆனால் அவள்தான் துடைக்க வேண்டும். புதன்கிழமை கிளினிக்கில் டொக்டரிடம் நடந்ததை நான் சொல்வேன், அவர் முழங்காலைப் பார்க்கும் வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். சந்திரிகா தினமும் என் கையைப் பிடித்துப் பீலி வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ரத்தினம்மாவுக்கு எழுத வேண்டியவள் நீ, பெண்ணைப் பெற்றவள் நீதான். தரை சறுக்கியது என்று எழுது, மாமியாரும் மருமகளும் சேர்ந்து பொய் சொன்னோம் என்றும் எழுது, என் பங்கைக் குறைத்து எழுதாதே. அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் போகட்டும், நோய் என்று நினைத்து ஒருவரும் போக வேண்டாம். நீயும் வேலைக்கு நிற்கும் அந்த வீட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடித் திரியாதே மகளே, அது உனக்கே நீ செய்ய வேண்டியது. நன்றாக இரு.

சொந்தக் கையால் எழுதும்
உன் அம்மா,
பேச்சியம்மா