வெற்றிலை போட்ட வாய்

11 ஜூன் 2007, திங்கள்

பிரஷர் நூற்றெழுபது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மனைவி சரோஜா மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். ரசம் வெந்நீராக இருந்தது. முகம் சுளித்தால், "இனிமே இந்த வூட்ல இப்பிடித்தான், புடிச்சா துன்னு" என்கிறாள்.

நாக்கை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தத் தண்டனை. சுவரைச் சுரண்டி, தூளை நுனிநாக்கில் வைத்தால் போதும், கடல் மணல் கலந்திருந்தால் கரித்துவிடும். உப்பு உள்ளே இருந்தால் கம்பி துருப்பிடிக்கும், கான்கிரீட் கழன்று விழும். "நக்கிப் பாக்கற இஞ்சினீரு வந்துட்டாருடா" என்று மேஸ்திரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீடு வாங்குகிறவர்கள் செங்கல்பட்டு வரை என்னைத் தேடி வருவது அதற்குத்தான்.

19 ஜூன், செவ்வாய்

கேளம்பாக்கத்திலிருந்து கார்த்தி போன் செய்தார். கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். இரண்டரை வருடம் முன்பு அவர் வாங்கிய ஃப்ளாட்டுக்கு ரிப்போர்ட் கொடுத்தவன் நான்.

"சார், சீலிங்கு வுழுந்துடுச்சு சார். ஜோதி மேல."

ஓடினேன். அவர் மனைவி ஜோதிலட்சுமியை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது தோள் எலும்பு முறிவு. துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். ஹாலில் பாதி சீலிங் தரையில் கிடந்தது, மேலே கம்பி தொங்கியது. விரலால் தேய்த்தேன், பொலபொலவென்று உதிர்ந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன்.

கரித்தது. பச்சைக் குழந்தை கூடச் சொல்லும்.

20 ஜூன்

பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 'கடல் மணல் கலந்ததற்கான அறிகுறி இல்லை.' கீழே ராஜாராம் என்று என் கையெழுத்து, எவ்வளவு நீளமான வால் அதற்கு!

எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மறந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2005, தை மாதக் கடைசி முகூர்த்தம். என் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பால் காய்ச்சிவிட்டார்கள், முகூர்த்தம் காத்திருக்காதே. பேங்க்கின் கடைசித் தவணை மட்டும் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. "சாப்டாம சுவத்தப் பாத்தா இன்னா சார் அர்த்தம்? மொதல்ல ஒக்காருங்க" என்று ஜோதிலட்சுமியே இலை போட்டாள். சாப்பிட்டேன். தாம்பூலமும் அவள்தான் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

வாய் சிவக்கச் சிவக்க அந்த ஹால் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பும் பாக்கும் ஊறிய வாய்க்கு என்ன உப்பு தெரியும்? தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று எழுதிவிட்டேன்.

ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாய் கொப்பளித்திருக்கலாம். ஏன் கேட்கவில்லை? மறதியா? இல்லை, விசேஷ வீட்டில் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்றா? வெற்றிலை மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேனா? எனக்கே தெரியவில்லை. சீ.

5 ஜூலை, வியாழன்

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. ஃப்ளாட்டைக் கட்டிய பன்னீர்செல்வத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

என் வேலையில் தப்பு நடந்தால் நஷ்டத்தை ஏற்க ஒரு பாலிசி வைத்திருக்கிறேன். வருடா வருடம் கட்டி, ஒரு நாளும் பிரித்துப் படிக்காத பாலிசி. இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அந்த அதிகாரி நோட்டீசைப் படிக்கும் முன்னே கேட்டது இதுதான்: "அந்தம்மாகிட்ட சாரி கீரின்னு எதுனா சொல்லிட்டீங்களா சார்? எங்கள கேக்காம தப்ப ஒத்துக்கினா க்ளெய்ம் நிக்காது."

"சொல்லல" என்றேன். மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வெரி குட் சார்" என்றார்.

சொல்லவில்லை என்பது உண்மைதான். அவள் தோளில் கட்டோடு படுத்திருந்தபோது பக்கத்தில் நின்று, ஆப்பிள் பையை வைத்துவிட்டு வந்தேன். அதற்கு வெரி குட்!

12 ஜூலை

உப்பில்லாத கூட்டு. விழுங்கினேன்.

7 ஆகஸ்ட், செவ்வாய்

இன்ஷூரன்ஸ் கம்பெனி எனக்காக வைத்திருக்கும் வக்கீல் ஜெயகிருஷ்ணன். நல்ல படிப்பு, நல்ல சட்டை. நாக்கு விஷயத்தைச் சொன்னேன், வெற்றிலை வரைக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சார், நாக்க மறந்துடுங்க. எந்த பில்டிங் ரூல்ஸ் புக்ல கீது நாக்கு? கண்ணால பாத்தேன்னு போடுவோம். உப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததுக்கு நீங்க எப்படிப் பொறுப்பு?"

"பன்னீர்செல்வம்?"

"அவரும் உங்க ரிப்போர்ட்டத்தான் காட்டப் போறாரு. ரிப்போர்ட் நின்னா ரெண்டு பேருக்கும் சேஃப்."

பதில் மனுவில் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடமாக எதை வைத்துப் பேர் வாங்கினேனோ அது என்னிடம் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி நடந்து வந்தேன். சரோஜா பிரஷர் என்கிறாள்.

23 செப்டம்பர், ஞாயிறு

மாமல்லபுரத்தில் ஒருவர் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கப் போனேன். பக்கத்து மனையில் பெரிய ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. யார் என்று பார்த்தால் பன்னீர்செல்வம்! கம்பெனிக்கு மட்டும் புதுப் பேர்.

"வா அண்ணாத்த! நாஸ்தா துன்னியா?" தோளில் கை வேற. "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? உன் ரிப்போர்ட்டு கீது, அதான் எனக்குக் கவசம். அந்தப் பொண்ணு கத்திக்கினே கெடக்கட்டும்."

அவன் போனதும் குவித்திருந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். துப்பினேன். வீடு வந்து நாலு தடவை வாய் கழுவியும் கரிப்பு போகவில்லை. கவசமாம். இவனுக்கு நான் கவசம்!

20 பிப்ரவரி 2008, புதன்

செங்கல்பட்டு நுகர்வோர் மன்றம். வாய்தா. வராண்டாவில் ஜோதிலட்சுமியும் கார்த்தியும் நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் வீட்டுக் கடன், இன்னொரு பக்கம் வாடகை வீடு. அவள் வலது கை இன்னும் தோளுக்கு மேலே எழவில்லை. தலைமுடி பின்னியிருந்த லட்சணத்தில் கார்த்தி பின்னிவிட்டது என்று தெரிந்தது.

தலையைக் குனிந்தபடி தாண்டப் பார்த்தேன். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நாக்குல வெச்சுப் பாத்தியே, நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்? கண்ணால மட்டும் பாத்தேன்னு எழுதிக் குடுத்துக்கீற. சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றியா நீ?"

இத்தனை நாள் சார். இன்று நீ.

எட்டு மாதமாக உப்பு போட்டுச் சாப்பிடவில்லையம்மா, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் யாரையாவது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

21 பிப்ரவரி

சாப்பிடப் பிடிக்கவில்லை.

12 மார்ச், புதன்

இன்று என்னை விசாரித்தார்கள். மன்றத் தலைவர் கேட்டார்: "சுவரை எப்படிப் பரிசோதித்தீர்கள்?"

ஜெயகிருஷ்ணன் தன் கண்ணைத் துடைப்பதுபோல் துடைத்து எனக்கு ஜாடை காட்டினார். கண் என்று சொல்ல வேண்டுமாம்! அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாக்கில் வைத்துப் பார்த்தேன் ஐயா. எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு வாயில் வெற்றிலை இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் கொப்பளித்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. இடிந்த பிறகு பார்த்தேன், முழுக்கக் கடல் மணல். மனுவில் எழுதியது பொய். தப்பு என்னுடையது."

எல்லாம் எழுத்தில் ஏறியது. பன்னீர்செல்வத்தின் வக்கீல் எழுந்து ஏதோ கத்தினார். நான் ஜோதிலட்சுமி பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்ததும் ஜெயகிருஷ்ணன், "தற்கொல பண்ணிக்கினீங்க சார்" என்றார். பைலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

2 ஏப்ரல்

பாலிசிக்காரர்கள் கடிதம். அனுமதியின்றித் தவறை ஒப்புக்கொண்டதால், உண்மையை மறைத்து மனு போட்டதால், க்ளெய்ம் நிராகரிப்பு. பொய் மனுவை எழுதியது அவர்கள் வக்கீல்தான். அதைக் கடிதத்தில் காணோம். தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான், அதையும் எழுதி வைக்கிறேன்.

சரோஜாவிடம் சிங்கப்பெருமாள் கோயில் மனையை விற்க வேண்டியிருக்கும் என்றேன். ரிட்டையரானால் வீடு கட்ட வைத்திருந்த இடம். "மொதல்லயே சொல்லித் தொலச்சிருந்தா அந்தப் பொண்ணு எட்டு மாசம் அலஞ்சிருக்காது" என்றாள். மனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

27 ஜூன்

தீர்ப்பு. பன்னீர்செல்வம் சீலிங் முழுவதையும் உடைத்துக் கட்டித் தர வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவும் வாடகையும் என் பொறுப்பு. அவன் அப்பீல் போகப் பார்த்தானாம், என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அவன் வக்கீலே வேண்டாம் என்றாராம். கவசம் கழன்றது.

14 செப்டம்பர், ஞாயிறு

கார்த்தி போன் செய்திருந்தார். பூச்சு வேலை முடிந்துவிட்டது, பெயிண்ட் அடிக்கும் முன்பு நான் வந்து பார்க்க வேண்டுமாம். "ஜோதிதான் சொல்லிச்சு" என்றார்.

கேளம்பாக்கம் போனேன். ஹாலில் ஈரச் சிமெண்ட் வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டு உளியை எடுத்தேன். ஜோதிலட்சுமி உள்ளே இருந்து வந்தாள். இடது கையில் ஒரு சொம்பு.

"வாய கொப்புளிச்சிட்டு பாருங்க சார்."

வாசலுக்குப் போய்க் கொப்பளித்தேன். மூன்று தடவை. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எட்டு இடத்தில் சுரண்டி எட்டு முறை நாக்கில் வைத்தேன். வெறும் மண். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிடச் சொல்லவில்லை.