அம்மாவின் சிரிப்பை வெட்டிவிட்டார்கள்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். இந்த முறை பின்பாதியை மட்டும் எழுதுகிறேன். 'டிவி நியூஸ் இங்க வரைக்கும் பரவி கேமை நிறுத்திட்டாங்க, வேலையும் போச்சு, கொஞ்ச நாள் யாரும் கூப்பிடாதீங்க' என்று நீ அனுப்பிய பிறகு உன் போன் அணைந்தே கிடக்கிறது. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

அம்மா என்ன சொன்னாள் என்பதை முதலில் கேள். டிவிக்காரர்கள் வந்தபோது நான் சலூனில் இருந்தேன். வெளிநாட்டில் வீடியோ கேம் செய்கிற பெண்ணைப் பற்றிப் பெருமையாக ஒரு நிகழ்ச்சி என்றார்களாம். உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முகத்துக்குப் பவுடர், வந்தவர்களுக்குக் காபி, நீ ஸ்கூலில் வாங்கிய கோப்பைகளுக்குத் துடைப்பு. போருக்குப் பயந்து ஓடிவரும் பிள்ளைகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பதுதான் ஆட்டம், ஆற்றையும் படகையும் வரைந்தது நீ என்று எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். போன லீவில் எங்களையும் ஆடவைத்தாயே, நான் எதையோ அழுத்தித் தொலைத்து ஒரு பிள்ளை தண்ணீரில் போய், அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனாளே, அதையும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "இதையெல்லாம் டிவியில சொன்னேன்னு தெரிஞ்சா எம்பொண்ணு என்னைக் கொன்னே போட்டுடுவா" என்றாளாம்.

ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன், சலூன் டிவியில் வந்தது. குழந்தைகளை மூழ்கடித்தால் பாயின்ட் தரும் விளையாட்டாம். துப்பாக்கியும் ரத்தமுமாக வேறு எந்தக் கேமின் படத்தையோ ஓட்டினார்கள். அதில் ஆறும் இல்லை, படகும் இல்லை. பிறகு உன் அம்மா முகம். "ஒரு பிள்ளை தண்ணியில போச்சு, அழுதுட்டேன்." அடுத்து, "எம்பொண்ணு என்னைக் கொன்னே போட்டுடுவா." அதோடு வெட்டிவிட்டார்கள். சிரிப்பு இல்லை. அதற்குப் பதிலாகத் திகில் படத்து இசை. கீழே, 'உயிருக்குப் பயந்து தாய் கண்ணீர்' என்று எழுத்து ஓடியது. முகமெல்லாம் நுரையோடு அவர் என்னைப் பார்த்து, "நம்ம வீட்டம்மாவா அது?" என்று கேட்டார். என் கையில் கத்தி.

நானும் சும்மா இருக்கவில்லை. டிவி ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நேரிலும் போனேன். வாசலில் காவலாளி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், அதற்கு மேல் அவரால் ஒன்றும் ஆகவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் விளக்கிப் பார்த்தேன். விளக்க விளக்க என் மேல் பரிதாபம்தான் கூடுகிறது, பெற்ற மனசு மறைக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த எரிச்சலில் ஒருத்தருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றிவிட்டு, இன்னொரு பக்கத்தை இறக்கிவிட்டேன்.

அம்மா டிவியை அணைப்பதே இல்லை. செய்தி முடிந்தால் அடுத்த செய்தி. ஏன் இதையே பார்த்துத் தொலைக்கிறாய் என்று கத்திவிட்டேன். "அந்தச் சிரிப்பு அவங்ககிட்டதானே இருக்கு, எப்பவாவது போடுவாங்க" என்கிறாள். அவர்கள் எப்போதோ வேறு செய்திக்குப் போய்விட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் பொங்கி வழிந்தால்கூடக் கொன்னுடுவேன் என்று என்னை மிரட்டுகிறவள் அவள். இப்போது அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்து பாதியில் நின்றுவிடுகிறது. உன் பிழைப்பில் மண்ணைப் போட்டது தான்தான் என்று நினைக்கிறாள். நீயும் அப்படியே நினைக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, வாலு. உன் வேலையைத் திருப்பி வாங்கித்தர எனக்கு வழி தெரியவில்லை. அவள் சிரிப்பைத் திருப்பி வாங்கவும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு தரம் அம்மாவைக் கூப்பிடு. சமாதானம் எதுவும் சொல்லாதே, சொன்னால் அழுதுவிடுவாள். எப்போதும் அவளைத் திட்டுகிற அதே குரலில், "யாரைக் கேட்டு டிவியில பேசின? வந்தேன்னா உன்னைக் கொன்னுடுவேம்மா" என்று மட்டும் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா இரு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அப்பா